பேட்டரி இல்லாத டேக் எப்படிப் பேசுகிறது?

"காரின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சுங்கச்சாவடி டேக், நான் போகுமிடத்தையெல்லாம் அரசாங்கத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்குமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இருக்காது. அந்த ஸ்டிக்கரில் பேட்டரி, ஜிபிஎஸ், சிம் எதுவும் கிடையாது. தானாக வாய் திறக்கத் தெரியாத பொருள் அது. ஆனால் கேட்பவர் யாராக இருந்தாலும் பதில் சொல்லிவிடும். வில்லங்கம் அங்கேதான்.

ஸ்டிக்கரை வெளிச்சத்தில் பிடித்தால் நெளிநெளியாக ஓர் உலோகக் கோடும், நடுவில் கடுகைவிடச் சிறிய சிப்பும் தெரியும். கோடுதான் ஆன்டெனா. டேக்கை ரேடியோ அலையால் படிக்கும் சுங்கச்சாவடிக் கருவிக்கு ரீடர் என்று பெயர். அது 866 மெகாஹெர்ட்ஸில் இயங்கினால் அலைநீளம் சுமார் 35 செ.மீ. ஆன்டெனா அதில் பாதியாவது இருக்க வேண்டும். 17 செ.மீ. கோட்டை 10 செ.மீ. ஸ்டிக்கருக்குள் அடக்கத்தான் அந்த நெளிவு.

ரீடர் ஒரே திசையில் குவித்து அனுப்பும் வீச்சு 4 வாட் என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டர் தள்ளியிருக்கும் டேக்குக்கு, குறுக்கே எதுவும் இல்லாவிட்டால், ஏறக்குறைய 50 மைக்ரோவாட் வந்து சேரும். சிப் விழித்துக்கொள்ள பத்து இருபது மைக்ரோவாட் போதும்.

இனிமேல்தான் வேடிக்கை. பதில் சொல்ல டேக் சொந்தமாக ஓர் அலையையும் உண்டாக்குவதில்லை. ஆன்டெனாவின் இரு முனைகளுக்கு நடுவே, சிப்புக்குள், ஒரு டிரான்சிஸ்டர் சுவிட்ச் இருக்கிறது. சுவிட்ச் திறந்திருக்கும்போது ஆன்டெனா பிடிக்கும் ஆற்றல் சிப்புக்குள் போகிறது. மூடினால் இரு முனைகளும் ஒட்டிக்கொள்ள, வந்த அலை கூடுதல் பலத்தோடு திரும்பிப் போகிறது. முகம்பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துச் சாய்த்து எதிர்ச்சுவரில் வெயிலடிக்கும் சிறுவனை நினைத்துக்கொள்ளுங்கள். வெயில் ரீடருடையது, சாய்ப்பது மட்டும் டேக்கின் வேலை. நொடிக்கு 40,000 முதல் 6,40,000 தடவை வரை சாய்க்கும். அந்த மினுக்கலில்தான் டேக்கின் அடையாள எண் ஒளிந்திருக்கிறது.

திரும்பி வருவது எவ்வளவு? மேலே சொன்ன கணக்கில் அரை நானோவாட் அளவுக்குத்தான். ரீடர் அலையை நிறுத்தினால் டேக்கின் உயிர் போய்விடும். ஆகவே தான் கத்திக்கொண்டே அந்தக் கிசுகிசுப்பையும் அது கேட்டாக வேண்டும். இந்தப் பொறியியலுக்கு யாரும் கைதட்டுவதில்லை என்பது என் மனக்குறை. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் கார் 6 மீட்டர் வாசிப்பு எல்லையை மூன்றில் ஒரு பங்கு நொடியில் கடந்துவிடுகிறது. அதற்குள் பலமுறை படித்துவிடலாம்.

படிக்காமல் போனால் பெரும்பாலும் காரணம் உலோகம்தான். வெப்பம் தடுக்கும் உலோகப்பூச்சுக் கண்ணாடி அலையை மறித்துவிடும். அப்படிப்பட்ட பல கார்களில் பின்பார்வைக் கண்ணாடியின் அருகே பூச்சில்லாத ஓரிடம் விட்டிருப்பார்கள், டேக்கை அங்கே ஒட்ட வேண்டும். பழைய டேக்கின் மேலேயே புதியதை ஒட்டினால் இரண்டின் ஆன்டெனாக்களும் சுருதி தப்பிவிடும். உரித்து மறுபடி ஒட்டினால் கோடு அறுந்துபோகலாம்.

சரி, வில்லங்கத்துக்கு வருவோம். அடிப்படை வகை டேக், கேட்பது யார் என்று சரிபார்ப்பதில்லை. அதே தரத்தில் (டேக்கும் ரீடரும் பேசிக்கொள்ள வகுத்த பொது விதிமுறையில்) இயங்கும் எந்த ரீடருக்கும் தன் எண்ணைக் கொடுத்துவிடும். இந்தத் தரத்தின் 2013 பதிப்பில் எண்ணை மறைக்கும் கட்டளையும் மறைகுறியாக்கமும் வந்துவிட்டன, ஆனால் விருப்பமிருந்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்ற அளவில்தான். ரீடர் வாங்கப் பணம் ஒதுக்குபவர்கள் இதைக் கட்டாயமாக்காதது சோம்பேறித்தனம் என்பேன்.

நியூயார்க்கின் மிட்டவுன் பகுதியில், அப்போது எந்தச் சுங்கமும் வாங்காத சாலைச் சந்திப்புகளில், 2011இல் டேக் ரீடர்களை வைத்தார்கள். நெரிசலை அளக்க. (அங்குள்ள டேக்கில் பேட்டரி உண்டு.) நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமராவுக்கோ டேக்கே தேவையில்லை. லண்டனில் நெரிசல் கட்டணத்துக்காக 2003இல் அந்தக் கேமராக்களை வைத்தார்கள். 2007 ஜூலையில், தேசப் பாதுகாப்பு என்ற காரணத்தில், தரவு நேரடியாகவும் மொத்தமாகவும் காவல்துறைக்குத் திறந்துவிடப்பட்டது. கம்பத்தில் ஒரு திருகாணியைக்கூட மாற்றவில்லை. ஜெர்மனி 2005இல் லாரிச் சுங்கத்தைத் தொடங்கியபோது, அந்தத் தரவைச் சுங்கத்துக்குத் தவிர வேறெதற்கும் தொடக்கூடாது என்று சட்டத்திலேயே எழுதிவிட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே குற்ற விசாரணைக்கும் திறக்க வேண்டும் என்று குரல் எழுந்தது.

"பெயரை நீக்கிவிட்டோம்" என்ற சமாதானத்தை நம்ப வேண்டாம். 15 லட்சம் பேரின் செல்பேசித் தடங்களை வைத்து 2013இல் வெளியான ஆய்வில், ஒருவரைத் தனியே பிரித்தெடுக்க நான்கு இட-நேரப் புள்ளிகள் போதும் என்று தெரிந்தது, நூற்றுக்கு 95 பேர் விஷயத்தில். வண்டியும் வீடு, வேலை என்று அதே தடத்தில்தான் ஓடுகிறது.

எண்ணை ஹாஷ் செய்து, அதாவது நேராகத் திருப்பிப் படிக்க முடியாத குறியீடாக மாற்றி, சேமிக்கிறோம் என்பார்கள். நம்பர் பிளேட்டில் வரக்கூடிய சேர்க்கைகள் சில கோடிதான் என்றால், எல்லாவற்றையும் ஹாஷ் செய்து ஒப்பிட்டுப் பார்க்கச் சாதாரணக் கணினிக்கே சில நிமிடங்கள் போதும். ஹாஷ் செய்யும் முன் எண்ணோடு ரகசியமான ஒரு 'சால்ட்', அதாவது யாராலும் ஊகிக்க முடியாத ஓர் எழுத்துச் சரம், சேர்க்க வேண்டும். அதையும் தினமும் நள்ளிரவில் மாற்றிப் பழையதை அழிக்க வேண்டும். அழித்துவிட்டால் நேற்றைய வண்டியையும் இன்றைய வண்டியையும் இணைக்க வழியில்லை. நெரிசலை அளக்க அந்த இணைப்பு வேண்டியதும் இல்லை. அழிக்காமல் வைத்திருந்தால் அந்த ஹாஷ், வண்டிக்கு இன்னொரு நம்பர் பிளேட்.