வெளிநாட்டு மூலதனம் வந்தால் பொருளாதாரம் வளருமா?

இயந்திரங்கள் ஏற்கெனவே நிறைந்திருக்கும் பணக்கார நாட்டில் இன்னொன்று வாங்கிப் போட்டால் உற்பத்தி கொஞ்சம்தான் கூடும். ஆள் இருந்தும் இயந்திரம் இல்லாத ஏழை நாட்டில் அதே இயந்திரத்துக்குப் பலன் அதிகம். அப்படியானால் லாபம் தேடும் பணம் ஏழை நாடுகளுக்குத்தானே ஓட வேண்டும்?

ஓடவில்லை. பொருளியலாளர் ராபர்ட் லூக்காஸ் 1990இல் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார். பாடப்புத்தகச் சூத்திரப்படி, இந்தியாவில் கூடுதலாகப் போடும் மூலதனம் அமெரிக்காவில் கிடைப்பதைப்போல 58 மடங்கு பலன் தர வேண்டும். நிஜத்தில் அப்படிப் பணம் வந்து குவியவில்லை. வேலை தெரிந்தவர்கள், தடையில்லாத மின்சாரம், ஒப்பந்தத்தை மீறினால் தட்டிக்கேட்கும் நீதிமன்றம் எல்லாம் சேர்ந்தால்தான் இயந்திரம் சம்பாதிக்கும்.

சரி, பணம் வந்துவிட்டால்? ஈஸ்வர் பிரசாத், ரகுராம் ராஜன், அரவிந்த் சுப்ரமணியன் மூவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், தொழில்மயமாகாத நாடுகளில் வெளிநாட்டுப் பணத்தைக் குறைவாக நம்பியவையே சராசரியாக வேகமாக வளர்ந்திருந்தன. ஒரு காரணம் இது: டாலர் வந்து குவியும்போது உள்ளூர் நாணயத்தின் மதிப்பு ஏறும். ஏற்றுமதிப் பொருளுக்கு வெளியே விலை கூடி, ஆர்டர் குறையும். வளர்ச்சிக்கென்று வந்த பணமே தொழிற்சாலையின் கழுத்தைப் பிடிக்கிறது.

என் பார்வையில், எவ்வளவு வருகிறது என்பதைவிட எந்த வடிவில் வருகிறது என்பதே முக்கியம். ஆலை கட்ட வந்த முதலீடு ஒரே நாளில் கிளம்பிவிட முடியாது. பெரும்பாலும் தொழில்நுட்பத்தையும் கூடவே கொண்டுவரும். பங்குச் சந்தைப் பணம் நினைத்த நேரத்தில் வெளியேறலாம். எல்லாவற்றிலும் ஆபத்தானது டாலரில் வாங்கும் குறுகியகாலக் கடன்.

தாய்லாந்தைப் பாருங்கள். 1990களில் தன் நாணயமான பாட்டின் மதிப்பை, ஒரு டாலருக்குச் சுமார் 25 பாட் என்று அரசு கட்டிக்காத்தது. உள்நாட்டு வட்டியைவிட வெளிநாட்டு வட்டி குறைவு. எனவே வங்கிகளும் நிறுவனங்களும் டாலரில் கடன் வாங்கின. அதில் பெரும்பகுதி கட்டடங்களில் போய் முடங்கியது. 10 லட்சம் டாலர் வாங்கியவருக்குக் கடன் 2.5 கோடி பாட். முதலீட்டாளர்கள் மிரண்டு வெளியேற, அரசின் டாலர் கையிருப்பு கரைந்து, 1997 ஜூலை 2 அன்று அரசு அந்த 25 பாட் மதிப்பைக் கைவிட்டது. 1998 ஜனவரியில் ஒரு டாலர் 50 பாட்டைத் தாண்டியது. அதே கடன் இப்போது 5 கோடி! கூடுதலாக ஒரு செங்கல்கூட வாங்கவில்லை, வருமானமோ பாட்டில்தான். நன்றாக நடந்த நிறுவனங்களும் இதில் விழுந்தன. அந்த ஆண்டு நாட்டின் மொத்த உற்பத்தியே சுருங்கியது. வேலையிழந்தவர்களில் பெரும்பாலோர் அந்தக் கடனில் ஒரு டாலரைக்கூடப் பார்த்திராதவர்கள் என்பதுதான் வேதனை.

சிலி 1991இல் வேறு வழியில் போனது. வெளிநாட்டுக் கடனில் 20 சதவீதத்தை ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு, அடுத்த ஆண்டு முதல் 30 சதவீதத்தை ஓராண்டுக்கு, வட்டியில்லாமல் மத்திய வங்கியில் வைக்கச் சொன்னது. பத்தாண்டுக் கடனுக்கு அந்த வட்டி இழப்பு பொருட்டே இல்லை. ஆனால் ஒரு மாதத்துக்கு வந்து போகும் பணத்துக்கும் அதே ஓராண்டு முடக்கம். லாபம் மொத்தமும் அதிலேயே போய்விடும். உள்ளே வந்த மொத்தப் பணம் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. குறுகியகாலக் கடனின் பங்கு குறைந்து, நீண்டகாலப் பணத்தின் பங்கு கூடியது.