காசோலை போட்ட பிறகு என்ன நடக்கிறது?

வங்கியில் காசோலையைப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் அந்தத் தாள் ஊர் ஊராகப் போவதில்லை. போட்ட வங்கியிலேயே தங்கிவிடும். அதன் படம் மட்டும் எழுதிக் கொடுத்தவரின் வங்கிக்குப் போகிறது. படத்தைப் பார்த்து அந்த வங்கி ‘சரி’ என்றோ ‘ரிட்டர்ன்’ என்றோ பதில் சொல்ல வேண்டும். நாம் காத்திருப்பது அந்தப் பதிலுக்குத்தான். சிடிஎஸ் எனப்படும் இந்த முறை 2008-இல் டெல்லியிலும் 2011-இல் சென்னையிலும் தொடங்கியது.

காசோலையின் அடியில் வெறுமையாக விடப்பட்ட பட்டையில் நான்கு எண் தொகுதிகள் இருக்கும். முதல் 6 இலக்கம் காசோலை எண். அடுத்த 9 இலக்கம் எம்ஐசிஆர் குறியீடு: ஊருக்கு 3, வங்கிக்கு 3, கிளைக்கு 3. சென்னைக் கிளை என்றால் பின்கோடு போலவே 600 என்று தொடங்கும். அதன்பின் கணக்கைக் குறிக்கும் 6 இலக்கம். கடைசி 2 இலக்கம் காசோலையின் வகை. இந்த எண்களை அச்சிட்ட மையில் இரும்பு ஆக்சைடு கலந்திருக்கிறது. ஸ்கேனர் முதலில் அந்த எண்களுக்குக் காந்தமேற்றுகிறது. பிறகு படிக்கும் முனையை அவை கடக்கும்போது ஒவ்வோர் எண்ணும் தனக்கே உரிய மின் அலையை எழுப்புகிறது. மேலே சாதாரண மை பட்டாலும் எண்ணைப் படித்துவிடலாம். ஸ்டேப்ளர் முள்ளும் மடிப்பும்தான் தொல்லை.

ஒரு காசோலைக்கு மூன்று படங்கள். முன்பக்கம் சாம்பல் நிறச் சாயல்களோடு ஒன்று, அங்குலத்துக்கு 100 புள்ளிகள். முன்பக்கமும் பின்பக்கமும் கறுப்பு வெள்ளையில் ஒவ்வொன்று, அங்குலத்துக்கு 200 புள்ளிகள். கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு புள்ளி கறுப்பாக இருக்கும், இல்லையேல் வெள்ளையாக இருக்கும். நடுவில் எதுவும் கிடையாது. வெளிறிய மையில் எழுதிய தொகை அதில் மறைந்தே போகலாம். கையெழுத்தின் மேல் விழுந்த ரப்பர் ஸ்டாம்பு அதோடு கலந்து ஒரே கறையாகிவிடும். அடர்ந்த நீலம் அல்லது கறுப்பு மையில் எழுதுவது இதற்காகத்தான்.

முன்பெல்லாம் படங்கள் தொகுதி தொகுதியாகப் போகும். பணம் மறுநாள் வரும். 2025 அக்டோபர் 4 முதல் அவை வர வரவே அனுப்பப்படுகின்றன. எழுதியவரின் வங்கி அன்று மாலை 7 மணிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். வாய் திறக்காவிட்டால் சம்மதம் என்றே கொள்ளப்படும். வங்கிகளுக்கிடையே மணிக்கொரு முறை கணக்குத் தீர்க்கப்படும். காசோலை காசோலையாக அல்ல, கொடுப்பதையும் வாங்குவதையும் கழித்து மிச்சத்துக்கு மட்டும். அது முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் நம் கணக்கில் பணத்தை விட வேண்டும். ஆனால் டிராப் பாக்ஸில் நேரம் கடந்து போட்ட காசோலை அடுத்த வேலை நாளில்தான் ஸ்கேனருக்கே போகும். சில சமயம் வரவு பதிவாகியும் எடுக்கக்கூடிய இருப்பு ஏறியிருக்காது. அப்படியென்றால் பதில் இன்னும் வரவில்லை. அதை நம்பி இன்னொருவருக்குக் காசோலை எழுதக் கூடாது.

திரும்புவதற்குப் பணம் இல்லாதது ஒன்றே காரணமல்ல. பெயரையோ தொகையையோ அடித்துத் திருத்தினால், கையொப்பம் இட்டிருந்தாலும் சிடிஎஸ்ஸில் செல்லாது; புதிய தாள்தான் எழுத வேண்டும். தேதியிலிருந்து மூன்று மாதம் தாண்டினாலும் செல்லாது. எண்ணும் எழுத்தும் வேறுபட்டால் எழுத்தில் உள்ளதே தொகை என்கிறது 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டம்; நடைமுறையில் வங்கி அதைத் திருப்பித்தான் அனுப்பும். பெரிய தொகைக்கு இன்னொரு சோதனை: பாசிட்டிவ் பே. காசோலை எண், தேதி, பெறுபவர் பெயர், தொகை ஆகியவற்றை எழுதியவரே தன் வங்கிக்கு முன்கூட்டித் தெரிவிப்பது. 50,000 ரூபாயிலிருந்து இந்த வசதி உண்டு. 5 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வங்கி இதைக் கட்டாயமாக்கலாம். பெரிய காசோலையை வாங்கும்போதே “பாசிட்டிவ் பே போட்டாச்சா?” என்று கேட்டுவிடுவது நல்லது.

பணம் போதாமல் திரும்பினால் காசோலையோடு, திரும்பிய காரணத்தை எழுதிய ரிட்டர்ன் மெமோவையும் கேட்டு வாங்க வேண்டும். மூன்று மாதம் முடியாதவரை மீண்டும் போட்டுப் பார்க்கலாம். வழக்கு என்றால் அதே 1881 சட்டத்தின் பிரிவு 138-இன்படி, திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் காசோலை எழுதியவருக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் தராவிட்டால், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும்.