முற்றத்துக் குருவியைத் துணியில் இறக்கும்போது

பறவை ஒன்றைத் துணியில் நூலால் தைக்கலாம் என்று தோன்றியதும் பலர் கைபேசியை எடுத்து அழகான படம் தேடுகிறார்கள். பாதி வேலை அங்கேயே கெட்டுவிடுகிறது. அந்தப் படத்தின் வெளிச்சமும் கோணமும் எடுத்தவர் தேர்ந்தவை. அதை அப்படியே தைத்து விற்றாலோ போட்டிக்கு அனுப்பினாலோ காப்புரிமைச் சிக்கலும் வரும். கொல்லையில் துணிக்கொடிமேல் வந்து உட்காரும் மைனாவைப் பத்து நாள் பார்த்துவிட்டுத் தைத்துப் பாருங்கள். கோடு கொஞ்சம் கோணினாலும் அது மைனாவாகவே இருக்கும்.

பார்ப்பது என்றால் பென்சிலோடு பார்ப்பது. ஒரு படத்துக்கு அரை நிமிடம் போதும். உடலுக்கு ஒரு முட்டை, தலைக்கு ஒரு வட்டம், வாலுக்கு ஒரு கோடு. முட்டை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதில்தான் பறவையின் குணம் இருக்கிறது. பிறகு அந்த உருவத்தை முழுக்கக் கறுப்பாக நிரப்பிப் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுங்கள். என்ன பறவை என்று அவருக்குத் தெரியவில்லை என்றால், எத்தனை நிற நூல் போட்டாலும் அது தேறாது.

கால்களில்தான் அதிகம் தவறுகிறது. உடலின் நடுவிலிருந்து நேர்கீழாக ஒரு கோடு இழுத்தால் அது பாதத்தின்மேல் விழ வேண்டும். விழாவிட்டால் பறவை முன்னால் கவிழ்வதுபோல் தெரியும். பின்பக்கம் மடங்கும் முழங்கால் என்று நாம் நினைப்பது உண்மையில் கணுக்கால். முழங்கால் இறகுக்குள் மறைந்திருக்கும். குருவி, மைனா, காகம் மூன்றுக்கும் முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. இதற்கு ஆறிழைப் பூத்தையல் நூலில் ஓர் இழையை மட்டும் எடுத்து, காம்புத் தையல் (ஒன்றையொன்று ஒட்டிச் சாய்வாகக் கோடுபோல் ஓடும் தையல்) போட்டால் போதும். இரண்டு இழை போட்டால் கால் குச்சியாகிவிடும்.

கண்ணுக்கு மட்டும் தனியாக நேரம் ஒதுக்குங்கள். அலகு மூடும் கோட்டைப் பின்னோக்கி நீட்டினால், பெரும்பாலான சிறு பறவைகளில் அது கண்ணுக்குச் சற்றுக் கீழே போகும். தலையின் நடுவில் கண்ணை வைத்தால் அது பொம்மை முகம். நிஜ அளவுக் குருவிக்கு 4 மி.மீ. கண் தாராளம். ஓரிழைக் கறுப்பு நூலில் நெருக்கமாகச் சாட்டின் தையல் (இடைவெளியின்றிப் பக்கம்பக்கமாக இழுத்து நிரப்பும் தையல்) போட்டு, சுற்றிலும் வெளிர்நிறத்தில் ஒரு வரி. சுற்றியுள்ள இறகுகள் கண்ணை ஒட்டித் திரும்ப வேண்டும் என்பதால் கண்ணை முதலிலேயே தைத்துவிடுவது நல்லது. ஒளிப்புள்ளியை மட்டும் கடைசிக்கு விடுங்கள்: கறுப்பின்மேல் முன்மேல் பக்கமாக 1 மி.மீ. வெள்ளைத் தையல் ஒன்றே ஒன்று. முதலிலேயே போட்டால் கை பட்டு அழுக்காகும். இடைவெளி விட்டு வெள்ளைத் துணியே தெரியட்டும் என்று நினைத்தால், அக்கம்பக்கத்து நூல் சாய்ந்து அதை மூடிவிடும்.

இறகுகள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்தவை. தலைப்பக்கத்து இறகு வால்பக்கத்து இறகின் அடியை மூடும். அதனால் வாலில் தொடங்கித் தலையை நோக்கித் தைத்துக்கொண்டு வந்தால் அடுக்கு தானாக அமையும். நீளமும் குட்டையுமாக மாறி மாறிப் போட்டு நிரப்பும் லாங் அண்ட் ஷார்ட் தையலில் உடலுக்கு 6 முதல் 8 மி.மீ. நீளம், தலைக்கு அதில் பாதி. அடுத்த வரிசையில் ஊசி அடியிலிருந்து மேலேறும்போது முந்தைய தையலின் நூலைப் பிளந்து வரட்டும். இல்லாவிட்டால் வரிசைக்கு வரிசை பள்ளம் தெரியும். ஆறிழை நூலிலிருந்து இழைகளை ஒவ்வொன்றாக உருவி, 45 செ.மீ.க்கு மேல் போகாமல் வெட்டுங்கள். நீளம் கூடினால் நூல் உராய்ந்து பஞ்சு பிடித்து, கடைசிப் பகுதி மங்கிப்போகும்.

காகம் கறுப்புதானே என்று வெறும் கறுப்பு நூலில் நிரப்பினால் துணியில் ஓட்டை விழுந்ததுபோல் இருக்கும். காகத்தின் பளபளப்பும் தேன்சிட்டின் கழுத்து மினுமினுப்பும் சாயத்தால் மட்டும் வருவதில்லை. இறகின் நுண்ணமைப்பு ஒளியைத் திருப்பும் விதத்தால் வருபவை. அதனால்தான் பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் மாறுகிறது. நல்லவேளையாக நூலும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஒரே நிறப் பட்டு நூலைத் தையல் திசையை மட்டும் மாற்றிப் போட்டால் ஒரு பக்கம் வெளிச்சமாகவும் மறுபக்கம் இருட்டாகவும் தெரியும். ஊசியில் ஒரு கறுப்பிழை, ஒரு கருநீல இழை சேர்த்துக் கோத்து, சிறகின் வளைவோடு திசையைத் திருப்பிக்கொண்டே போங்கள். காகத்தின் கழுத்துச் சாம்பலுக்கு வெண்மை வேண்டாம். கொஞ்சம் பழுப்பேறிய சாம்பலே பொருந்தும்.

நிறத்தேர்வில் ஒரு சுருக்கு வழி: எடுத்து வைத்த நூல்களை வரிசையாக அடுக்கிக் கைபேசியில் கறுப்பு வெள்ளையாகப் படமெடுங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் பறவை தட்டையாகத்தான் வரும். பெண்குருவியைத் தைப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். நான்கு பழுப்பு எடுப்பார்கள், நான்கும் ஒரே அடர்த்தி.

பின்னணிக்குப் பூவும் கொடியும்தான் வேண்டும் என்பதில்லை. காரை பெயர்ந்த சுவர், துருப்பிடித்த குழாய், மின்கம்பி எல்லாமே நல்ல பின்னணிதான். வெளுத்துப்போன பழைய பருத்திச் சட்டையின் உட்புறம் சுவருக்கு அருமையாகப் பொருந்தும். விரிசலுக்கு ஒழுங்கில்லாத ஓட்டுத் தையல் (விட்டுவிட்டு ஓடும் சாதாரணத் தையல்). நிழலுக்கு ஆர்கன்சா என்ற, அடியில் இருப்பது தெரியும் மெல்லிய துணியில் ஒரு துண்டு. பறவையைத் தைக்காமல், வேறு துணியின் பின்னால் பசைத்தாள் ஒட்டி வெட்டிப் பதிப்பதானால், தாளில் உருவத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி வரையுங்கள். மறந்தால் இடப்பக்கம் பார்க்க வேண்டிய மைனா வலப்பக்கம் பார்க்கும்.

துணி சுருங்குவதற்கு ஊசியைவிடத் தயாரிப்புதான் காரணம். துணியை முன்பே துவைத்து, அடியில் இன்னொரு பருத்தித் துணி சேர்த்து, சட்டத்தில் மேளத்தோல்போல் இறுக்குங்கள். இரவில் தளர்த்தி வையுங்கள். நீரில் அழியும் பேனாக் கோட்டைக் குளிர்ந்த நீரில் அலசாமல் இஸ்திரி போட்டால் கறை தங்கிவிடும். சூட்டில் மறையும் பேனா இன்னும் வேடிக்கை: கடுங்குளிரில் கோடு திரும்பி வரும். குளிர்நாட்டுக்கு அனுப்பும் வேலைக்கு அதைத் தொடாதீர்கள்.

இனி ஒரு முக்கியமான எச்சரிக்கை. கூடு கட்ட உதவும் என்று வெட்டிய நூல்துண்டுகளை வேலியில் தொங்கவிடுபவர்கள் உண்டு. நல்லெண்ணம்தான், ஆனால் தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த நூல் குஞ்சின் காலில் சுற்றிக்கொண்டு, கால் வளர வளர இறுகி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். பாலியெஸ்டர் இழை அறவே அறுந்து கொடுக்காது. தையல்சிட்டு இலையைத் தைக்கச் சிலந்தி நூலும் செடி நாரும் தானே தேடிக்கொள்ளும்.

கூட்டைப் படமெடுக்க அருகில் போவதும், உதிர்ந்த இறகை எடுத்து ஒட்டித் தைப்பதும் வேண்டாம். அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் சட்டப்படி பெரும்பாலான நாட்டுப் பறவைகளின் உதிர்ந்த இறகைக்கூட அனுமதியின்றி வைத்திருக்க முடியாது. வேறு பல நாடுகளிலும் காட்டுயிர்ச் சட்டங்கள் இருக்கின்றன. நூல்துண்டுகளை மூடிபோட்ட டப்பாவில் சேர்த்து வாருங்கள். நிறைந்ததும் குண்டூசி மெத்தைக்குள் அடைக்கலாம்.