ஒரே வழக்கு, வேறு வேறு தண்டனை: அப்பீலில் எதைக் கேட்கலாம்?

"ஒண்ணாத்தானே சார் போனாங்க? அவனுக்கு மூணு வருசம், எம்மவனுக்கு மட்டும் அஞ்சு வருசமா?" ராமநாதபுரம் கோர்ட் வாசலில் இந்தக் கேள்வி காதில் விழாத வக்கீல் இருக்க முடியாது. நியாயமான கேள்விதான். ஆனால் வருசக் கணக்கை மட்டும் காட்டி அப்பீலில் ஜெயிக்க முடியாது.

பலர் சேர்ந்து ஒரே எண்ணத்தோடு செய்த குற்றத்துக்கு எல்லோரும் பொறுப்பு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, இப்போது அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 3(5), அதைத்தான் சொல்கிறது. குற்றவாளி என்ற தீர்ப்பு எல்லோருக்கும் ஒன்றாக வரலாம். தண்டனையை மட்டும் ஆளுக்கு ஆள் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

நம் கடற்கரை வழக்கையே எடுத்துக்கொள்வோம். கடல் அட்டை என்ற கடல் உயிரினம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடித்தால் குறைந்தது மூன்று வருசம், அதிகபட்சம் ஏழு. மண்டபம் பக்கம் கருவேலங்காட்டுக்குள் நான்கு பேர் சிக்குகிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் பணம் போட்ட வியாபாரி, இருவர் கூலிக்குக் கடல் அட்டையை அவித்தவர்கள், ஒருவர் ஆட்டோ ஓட்டியவர். அவித்த இருவரில் ஒருவருக்கு மூன்று, இன்னொருவருக்கு ஐந்து என்றால் தீர்ப்பில் அதற்குக் காரணம் எழுதியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். முந்தைய தண்டனை என்று இருந்தால் கஷ்டம். ஒன்றுமே எழுதவில்லை என்றால் அப்பீலுக்கு அதுதான் பிடி. அப்புறம் மகஜரை, அதாவது எங்கே யாரிடம் என்ன கைப்பற்றினார்கள் என்று எழுதிய பதிவை, புரட்ட வேண்டும்: அண்டா அருகே நின்றது யார், ஈரச் சாக்கு யார் கையிலிருந்து எடுக்கப்பட்டது, சாட்சிகள் இருவரையும் ஒரே மாதிரிதான் சொன்னார்களா?

வியாபாரி இதே வாதத்தோடு வந்தால் எடுபடாது. கூலிக்காரரின் மூன்று வருசம் அவருக்கு அளவுகோல் ஆகாது. யாருக்காவது தவறுதலாக இரண்டு வருசம் போட்டிருந்தாலும், "எனக்கும் அதையே கொடுங்கள்" என்று கேட்க முடியாது. சட்டம் வைத்த குறைந்தபட்சத்துக்குக் கீழே அப்பீல் கோர்ட்டும் இறங்காது. முதலாளியின் பெயர் குற்றப்பத்திரிகையிலேயே இல்லை என்ற ஆத்திரம் பல குடும்பங்களுக்கு உண்டு. எனக்கும் அது எரிச்சல்தான், ஆனால் அது வேறு சண்டை.

சக எதிரியின், அதாவது அதே வழக்கில் கூடவே குற்றம் சாட்டப்பட்டவரின், மேல்முறையீடு என்ன ஆனது என்பதை வக்கீலிடம் கட்டாயம் சொல்லுங்கள். உத்தரப் பிரதேசத்தில் ஒரே கொலை வழக்கில், ஒரே பங்குக்காக, மூவருக்கு மரண தண்டனை. மூவரும் தனித்தனியாக உச்ச நீதிமன்றம் போனார்கள். காஷ்மீரா சிங்குக்கு 1977-இல் ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. ஜீதா சிங் 1981 அக்டோபர் 6 அன்று தூக்கிலிடப்பட்டார். ஹர்பன்ஸ் சிங்கின் மனு வந்தபோதுதான் இந்த வித்தியாசம் கோர்ட்டின் கண்ணில் உறைத்தது. அவருடைய தண்டனையைக் குறைக்கும்படி 1982-இல் குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைத்தது.

அப்பீலே போடாதவருக்கும் வழி உண்டு. சாட்சியம் இருவருக்கும் ஒன்றே என்றால், அப்பீல் போட்ட சக எதிரிக்குக் கிடைத்த பலனை மற்றவருக்கும் உச்ச நீதிமன்றம் பல வழக்குகளில் கொடுத்திருக்கிறது. அதை நம்பி வீட்டில் உட்கார வேண்டாம்.

"அப்பீல் போனா கூட்டிடுவாங்களா?" என்பது அடுத்த பயம். குற்றம் சாட்டப்பட்டவர் போட்ட அப்பீலில் தண்டனையைக் கூட்ட முடியாது. அரசுத் தரப்பு தனியாக அப்பீல் போட வேண்டும், அல்லது உயர் நீதிமன்றமே நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்க வேண்டும்.

சரி, கெடு என்ன? மாஜிஸ்திரேட் தீர்ப்பு என்றால் செஷன்ஸ் கோர்ட்டுக்கு 30 நாள். செஷன்ஸ் தீர்ப்பு என்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு 60 நாள். சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகல் இலவசம். உள்ளே இருப்பவர் சிறை அதிகாரி மூலமாகவே அப்பீல் அனுப்பலாம். காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும் சட்ட உதவியில் இலவச வக்கீல் உண்டு. சட்ட உதவி எண்ணான 15100-க்கு வீட்டிலிருந்தே போன் போட்டு விசாரிக்கலாம்.