தடுப்பூசித் தயக்கம்: சொல் விளக்கம்

என் பாட்டியின் இடக்கையில், தோளுக்குச் சற்றுக் கீழே, நாலணாக் காசு அளவில் ஒரு தழும்பு இருந்தது. என்னவென்று கேட்டால் "அம்மை குத்தினது" என்பார். தடுப்பூசி என்ற சொல்லை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தத் தலைமுறைக்கு ஊசியும் நோயும் ஒரே பெயரில்தான் இருந்தன.

ஆங்கிலத்து 'வாக்சின்' மாட்டுத் தொழுவத்திலிருந்து வந்த சொல். லத்தீனில் 'வாக்கா' என்றால் பசு. 1796இல் எட்வர்ட் ஜென்னர் பால்காரப் பெண் ஒருத்தியின் கையில் இருந்த மாட்டம்மைக் கொப்புளத்திலிருந்து நீரை எடுத்து ஒரு சிறுவனுக்குக் குத்தினார். பசுவின் பெயரே மருந்துக்கும் நிலைத்தது. பிற நோய்களுக்கான மருந்துகளையும் அதே பெயரால் அழைக்கலாம் என்று 1881இல் லூயி பாஸ்டர் முன்மொழிந்தார். தமிழில் பசு இல்லை. தடுப்பு + ஊசி, செய்கிற வேலையை நேராகச் சொல்லிவிடுகிறது. ஒரே ஒரு குறை, போலியோ சொட்டு மருந்துக்கு ஊசி கிடையாது. மருந்தைக் குறிக்கும்போது 'தடுப்பு மருந்து' என்பதே பொருந்தும்.

சரி, 'வாக்சின் ஹெசிடன்சி' என்பதற்கு வருவோம். ஊசி போட வசதி இருந்தும் போட்டுக்கொள்ளத் தாமதிப்பது அல்லது மறுப்பது என்று உலக சுகாதார அமைப்பின் வல்லுநர் குழு இதை வரையறுத்தது. 2019இல் அந்த அமைப்பு வெளியிட்ட உலக நலத்துக்கான பத்து அச்சுறுத்தல்களின் பட்டியலில் இதுவும் இருந்தது. 'ஹெசிடன்சி'யின் லத்தீன் வேர் ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்பதையும், நாக்கு ஒட்டித் திக்குவதையும் குறிக்கும்.

நம் 'தயங்கு' இதைவிட அழகானது. பழந்தமிழில் அதற்கு அசைதல், ஒளிவிடுதல் என்றெல்லாம் பொருள் உண்டு. அசைகிற பொருளிலிருந்துதான் மனம் இங்கும் அங்கும் ஆடுகிற இன்றைய பொருள் வந்திருக்க வேண்டும். ஆகவே தயங்குகிற மனம் இன்னும் முடிவெடுக்கவில்லை. செய்திகளில் சில நேரம் 'தடுப்பூசி எதிர்ப்பு' என்று பொதுவாக எழுதிவிடுகிறார்கள். இது எனக்கு வருத்தம் தருகிறது. கேள்வி கேட்கிற தாயை எதிரணியில் நிறுத்திவிடுகிறது அந்தச் சொல்.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப்பில் வதந்திகள் பறந்தன. பல பெற்றோர் தயங்கினார்கள், முகாம் நாட்களை நீட்டிக்க வேண்டியிருந்தது. அப்போது ஒரு பள்ளி வாசலில் நான் கண்டது இது. கையில் சம்மதச் சீட்டை மடித்து மடித்து வைத்திருந்த ஒரு பெண், செவிலியரிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "நர்சம்மா, உங்க பிள்ளைக்குப் போட்டாச்சா?" "நேத்தே போட்டாச்சு. ராத்திரி லேசா காய்ச்சல் இருந்துச்சு, காலைல சரியாயிடுச்சு." சீட்டைப் பிரித்துக் கையெழுத்துப் போட்டார். மருந்தின் உள்ளடக்கம் பற்றி அவர் கேட்கவே இல்லை. யார் போடுகிறார்கள், அவர்களை நம்பலாமா என்பதுதான் அவருடைய கேள்வி.

அந்தக் கேள்வி அரசியலாக மாறும் இடம் உண்டு. மருந்தை ஓர் அரசோ அந்நிய ஆட்சியோ கொண்டுவரும்போது, அதன்மீது இருக்கிற பழைய கணக்கெல்லாம் ஊசியின்மேல் ஏறுகிறது. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்த எல்லிஸ், திருக்குறளில் ஈடுபாடு கொண்டு தமிழர்களால் எல்லீசர் என்று அழைக்கப்பட்டவர். அவர் அம்மை குத்துதலைப் புகழ்ந்து சமஸ்கிருதத்தில் ஒரு பாடல் எழுதியதாகவும், அது பழைய தாளில் எழுதப்பட்டுக் கண்டெடுக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டதாகவும் ஒரு பதிவு உண்டு. புனிதப் பசுவிலிருந்து வந்த மருந்து என்றால் பிராமணர்கள் ஏற்பார்கள் என்ற கணக்கு. நோக்கம் நல்லதுதான். ஆனாலும் ஒரு பொய்யின்மேல் நம்பிக்கையைக் கட்டப் பார்த்தார்கள் என்பதை மறக்க முடியவில்லை.

இதைவிடக் கொடியது பாகிஸ்தானின் அபோட்டாபாதில் நடந்தது. 2011இல் பின் லாடனைத் தேடிய அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ, அந்த ஊரில் மஞ்சள் காமாலைத் தடுப்பூசி முகாம் ஒன்றைப் போர்வையாகப் பயன்படுத்தியது. செய்தி வெளிவந்த பிறகு, வீடு வீடாகப் போலியோ சொட்டு மருந்து கொடுக்கப் போன பெண்களைக்கூட உளவாளிகளாகப் பார்க்கத் தொடங்கினார்கள். 2012 டிசம்பரில் அந்தப் பணியாளர்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தடுப்பூசித் திட்டங்களை இனி உளவுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று 2014இல் வெள்ளை மாளிகை அறிவித்தது. அதற்குள் எத்தனையோ கதவுகள் சாத்தப்பட்டிருந்தன. அமெரிக்காவிலோ, கொரோனாக் காலத்தில் ஒருவர் ஊசி போட்டுக்கொள்வாரா என்பதை அவர் எந்தக் கட்சி என்பதை வைத்தே ஓரளவு ஊகிக்க முடிந்தது.

நம் ஊரில் 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக், மக்களுக்குத் தைரியம் வரட்டும் என்று ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்கே போய் ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி காலமானார். ரத்தக்குழாய் அடைப்பே காரணம் என்று மருத்துவர்கள் விளக்கினார்கள், பின்னர் மத்திய அரசின் குழுவும் ஊசிக்குத் தொடர்பில்லை என்றது. ஆனாலும் தெருவில் அச்சம் அந்த விளக்கத்துக்கு முன்னால் ஓடியது.

அப்புறம் 'நம்பிக்கை' என்ற சொல்லையும் பார்த்துவிடலாம். "நம்பும் மேவும் நசையா கும்மே" என்கிறது தொல்காப்பியம். நம்பு என்றால் அன்று விருப்பம். பிரியம் வைத்த இடத்தில்தான் பிற்பாடு நம்பிக்கை என்ற பொருளும் வந்து குடியேறியது. அந்தச் செவிலியரின் பதிலில் இரண்டும் இருந்தன.

எழுதும்போது 'தடுப்பூசித் தயக்கம்' என்று த் சேர்த்து எழுதுங்கள். ஆளைக் குறிக்க 'தயங்குபவர்' போதும். முடிவாக வேண்டாம் என்றவருக்கு 'மறுப்பவர்'. பிறரையும் போடாதே என்று தடுப்பவருக்கு மட்டும் 'எதிர்ப்பாளர்'.