‘குளோஸ்டு மீட்டிங்’: தமிழில் சரியான சொல் எது?

அமெரிக்க மத்திய அரசின் அரசிதழுக்கு ‘ஃபெடரல் ரெஜிஸ்டர்’ என்று பெயர். அந்நாட்டின் தேசிய சுகாதார நிறுவனங்கள், சுருக்கமாக என்ஐஎச், அதில் ஆண்டு முழுவதும் ஒரே வார்ப்பில் அமைந்த சிற்றறிவிப்புகளை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. தலைப்பு: ‘நோட்டீஸ் ஆஃப் குளோஸ்டு மீட்டிங்ஸ்’. எந்தக் குழு கூடுகிறது, எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த முகவரியில், பொறுப்பு அதிகாரி யார், அவரை எப்படித் தொடர்புகொள்வது என்பதெல்லாம் அதில் இருக்கும். நிகழ்ச்சி நிரல் மட்டும் ஒரே வரி: நல்கை (‘கிராண்ட்’) விண்ணப்பங்களைப் பரிசீலித்து மதிப்பிடுதல். புற்றுநோயோ நீரிழிவோ மலேரியாவோ, பல்கலைக்கழகத்து ஆய்வாளர் ஒருவருக்கு அந்த நிறுவனம் ஆராய்ச்சிப் பணம் தருவதற்கு முன் இத்தகைய கூட்டத்தில் அவருடைய விண்ணப்பம் எடைபோடப்பட்டிருக்க வேண்டும்.

இந்தத் தலைப்பைத் தமிழாக்கச் சொன்னால் முதலில் நாவில் வருவது ‘ரகசியக் கூட்டம்’. அது பிழை, அதுவும் பொருளையே கெடுக்கும் பிழை. ரகசியக் கூட்டம் என்றால் அது நடப்பதே வெளியே தெரியக் கூடாது. இங்கோ கூட்டம் நடக்கப்போவதை முன்கூட்டியே ஊரறியச் சொல்லியாக வேண்டும் என்கிறது சட்டம். உள்ளே பேசப்படுவதைக் கேட்க மட்டுமே வெளியாருக்கு இடமில்லை.

‘குளோஸ்’ என்ற ஆங்கிலச் சொல், மூடுதல், அடைத்தல் என்று பொருள்படும் ‘கிளாவ்தெரே’ என்ற லத்தீன் வினையிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. உள்ளடக்குதலைக் குறிக்கும் ‘இன்க்ளூட்’, முடித்தலைக் குறிக்கும் ‘கன்க்ளூட்’, சட்ட உட்பிரிவைக் குறிக்கும் ‘கிளாஸ்’ ஆகியவையும் அதே வேரில் கிளைத்தவை. ஆனால் நம் சொல்லின் பொருளை லத்தீன் வேரில் தேடிப் பயனில்லை. ‘குளோஸ்டு’ இங்கே ஒரு சட்டச்சொல். ‘ஓப்பன்’ என்பது விதியாகி, அதற்கு விலக்கு தேவைப்பட்ட நாளில்தான் அது இந்தப் பொருளைப் பெற்றது.

அந்த விதி கூட்டாட்சி ஆலோசனைக் குழுச் சட்டம். 1972 அக்டோபர் 6 அன்று அதிபர் நிக்சன் அதில் கையெழுத்திட்டார். அரசுக்கு ஆலோசனை சொல்லும் வெளியார் குழுக்கள் அதற்குள் பெருகிக் கிடந்தன. அவற்றில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யாருக்காகப் பேசுகிறார்கள் என்பது மக்களுக்குத் தெரியவில்லை என்பதே நாடாளுமன்றத்தின் கவலை. எனவே குழுக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும், ஒவ்வொரு கூட்டத்தையும் அரசிதழில் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்று சட்டம் வகுத்தார்கள். அறிவிப்புக்கும் கூட்டத்துக்கும் இடையே குறைந்தது 15 நாள் வேண்டும் என்பது நடைமுறை விதி.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1976 செப்டம்பரில், ‘சன்ஷைன்’ சட்டம் வந்தது. வெயில் வெளிச்சத்தைச் சட்டத்தின் பெயராக வைக்கும் வழக்கம் அதற்கு முன்பே இருந்தது. ஃபுளோரிடா மாநிலத்தின் 1967ஆம் ஆண்டுத் திறந்த கூட்டச் சட்டத்தையும் அப்படித்தான் அழைக்கிறார்கள். வெயிலே சிறந்த கிருமிநாசினி என்று சொல்வார்கள் என அமெரிக்க வழக்கறிஞர் லூயிஸ் பிராண்டைஸ் 1913இல் எழுதிய வரி அரசியல் பேச்சில் பழமொழியாகவே ஆகிவிட்டிருந்தது. அரசு அமைப்புகள் கூட்டத்தை மூடுவதற்கு 1976ஆம் ஆண்டுச் சட்டம் பத்துக் காரணங்களை மட்டும் ஏற்றது. ஆலோசனைக் குழுக்களுக்கும் அவையே அளவுகோல் ஆயின. நல்கை விண்ணப்பக் கூட்டங்களின் அறிவிப்பில் மேற்கோள் காட்டப்படுபவை அவற்றில் இரண்டு: நான்காவதான வணிக ரகசியம், ஆறாவதான தனிமனித அந்தரங்கம்.

நான்காவது காரணம் நேராக வந்து சேரவில்லை. வணிக ரகசியம் எது என்ற வழக்கு 1976க்கு முன்பே தொடங்கிவிட்டது. மனநலத் தேசிய நிறுவனத்தின் பணத்தில், கற்றல் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு மனத்தைப் பாதிக்கும் மருந்துகளைக் கொடுத்துச் செய்யப்பட்ட ஆய்வுகளைப் பற்றிய ஆவணங்களைக் கேட்டு ‘வாஷிங்டன் ரிசர்ச் புராஜெக்ட்’ என்ற அமைப்பு வழக்குத் தொடுத்தது. 1974இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. லாப நோக்கமற்ற விஞ்ஞானியின் ஆய்வுத் திட்டத்தை வணிக ரகசியம் என்று கூற முடியாது, அவர் வணிகம் செய்பவரே அல்லர் என்பது அத்தீர்ப்பின் ஒரு பகுதி. மதிப்பீட்டாளர்களின் கருத்துரைகளோ அரசுக்குள் நடக்கும் ஆலோசனையாகக் கருதப்பட்டுக் காப்பாற்றப்பட்டன. குழந்தைகளுக்கு என்ன மருந்து தருகிறார்கள் என்று கேட்ட அந்த அமைப்பின் கேள்வி மிக நியாயமானது என்றே எண்ணுகிறேன். ‘மூடிய’ என்ற சொல்லைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் இந்த வழக்கை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பிறகு 1980இல் பே–டோல் சட்டம் வந்தது. அரசுப் பணத்தில் கண்டுபிடித்ததற்கும் பல்கலைக்கழகம் காப்புரிமை வைத்துக்கொள்ளலாம் என்றானது. விஞ்ஞானி வணிகர் அல்லர் என்ற பழைய கோடு அதன்பின் மங்கியது. இன்றைய அறிவிப்புகளில் ‘காப்புரிமை பெறத்தக்கவை’ என்ற சொற்றொடர் தவறாமல் இடம்பெறுகிறது.

ஆய்வாளர்களிடம் கேட்டால் வேறொரு காரணத்தையே முதலில் சொல்வார்கள்: உள்ளே மனம்விட்டுப் பேச வேண்டும். அறிஞர் ஒருவரின் திட்டம் தேறாது என்று அவர் காதுபடச் சொல்ல யாரும் துணிய மாட்டார்கள். உண்மைதான். ஆனால் அறிவிப்பில் அந்தக் காரணம் எழுதப்படுவதில்லை. தயக்கமின்றிப் பேசும் வசதி என்பது மட்டுமே சன்ஷைன் சட்டத்தில் கதவை மூடப் போதிய காரணமல்ல. இது நல்ல ஏற்பாடு. சங்கடத்தைத் தவிர்ப்பதற்காகக் கதவை மூடலாம் என்று விட்டிருந்தால், எந்தக் குழுவும் எந்தக் கதவையும் திறந்து வைத்திருக்காது.

உள்ளே கூடும் குழுவின் பெயர் ‘ஸ்டடி செக்‌ஷன்’. இதை ‘ஆய்வுப் பிரிவு’ என்று பெயர்ப்பவர்களைக் குறை சொல்ல முடியாது, ஏனெனில் ஆங்கிலத்திலேயே பெயருக்கும் வேலைக்கும் இன்று ஒட்டவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் போர்க்கால மருத்துவ ஆராய்ச்சி ஒப்பந்தங்கள் அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணித்துறையின் கைக்கு வந்தன. பென்சிலினால் சிபிலிஸ் நோயைக் குணமாக்கும் ஆராய்ச்சியும் அவற்றில் ஒன்று. அவற்றைப் பார்த்துக்கொள்ள 1946இல் காசியஸ் வான் ஸ்லைக் தலைமையில் ஓர் அலுவலகம் அமைந்தது. இன்று விண்ணப்பங்களைக் கையாளும் அறிவியல் மதிப்பாய்வு மையத்தின் மூலம் அதுவே. சிபிலிஸுக்கான குழு முதற்குழுக்களில் ஒன்று. அக்காலத்தில் இக்குழுக்களுக்கு விண்ணப்பம் பார்ப்பதோடு இன்னொரு கடமையும் இருந்தது. தம் துறை எந்த நிலையில் இருக்கிறது, எந்த மூலை கவனிப்பாரற்றுக் கிடக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும். ‘ஸ்டடி’ என்ற சொல் அந்தக் கடமையைச் சுட்டியது. காலப்போக்கில் கடமை தேய்ந்தது, பெயர் நின்றுவிட்டது.

இப்போது நடப்பது மதிப்பீடு மட்டுமே. பெரும்பாலும் அரசு ஊழியரல்லாத ஆய்வாளர்களே உறுப்பினர்கள். ஒவ்வொரு விண்ணப்பத்தையும் வழக்கமாக மூன்று பேர் முன்பே படித்து எழுதிக்கொண்டு வருவார்கள். அந்த முதல் மதிப்பெண்களில் பின்தங்கும் ஏறத்தாழப் பாதி விண்ணப்பங்கள் கூட்டத்தில் பேசப்படுவதே இல்லை. 2009 முதல் மதிப்பெண் 1இலிருந்து 9 வரை. 1 என்றால் மிகச் சிறப்பு, 9 என்றால் மிக மோசம். எல்லா உறுப்பினர்களின் மதிப்பெண்களையும் சராசரியாக்கி 10ஆல் பெருக்குவார்கள். தன் பல்கலைக்கழகத்து விண்ணப்பம் எடுக்கப்படும்போது உறுப்பினர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். அதாவது மூடிய கூட்டத்துக்குள்ளேயே, அக்குழுவின் உறுப்பினருக்கும் கதவு மூடப்படும் நேரம் உண்டு. ஒருவர் தந்த இறுதி மதிப்பெண் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

இதற்குப் பிறகு இரண்டாம் படி: அந்தந்த நிறுவனத்தின் தேசிய ஆலோசனை மன்றம். 1937இல் புற்றுநோய் நிறுவனத்தோடு பிறந்த மன்றமே இவற்றில் மூத்தது. மன்றத்தில் விஞ்ஞானிகளோடு பொதுமக்கள் சார்பிலும் உறுப்பினர்கள் இருப்பார்கள். அதன் அறிவிப்பைப் படித்தால் ஒரே கூட்டம் இரண்டாகப் பிரிந்திருப்பதைக் காணலாம். ஒரு பகுதி திறந்தது. கொள்கைகள், இயக்குநரின் அறிக்கை எல்லாம் அங்கே, யாரும் கேட்கலாம். மறுபகுதி மூடியது, விண்ணப்பங்கள் அங்கே. குழு அதேதான், நாளும் பெரும்பாலும் அதேதான். மூடப்படுவது நேரத்தின் ஒரு துண்டு மட்டுமே. தமிழ்ச் சொல்லைத் தேர்ந்தெடுக்க இதைவிடத் தெளிவான வழிகாட்டி எனக்குக் கிடைக்கவில்லை.

2025 ஜனவரியில் நடந்ததையும் இங்கே சொல்லியாக வேண்டும். புதிய ஆட்சி பொறுப்பேற்றதும் சுகாதாரத் துறையின் வெளித்தொடர்புகள் நிறுத்திவைக்கப்பட்டன. அரசிதழுக்கு அறிவிப்பு அனுப்புவதும் அதில் அடங்கியது. மதிப்பீட்டுக் குழுக்களின் கூட்டங்கள் அடுத்தடுத்து ரத்தாயின. பின்னர் நிதி முடக்கத்துக்கு எதிராக நீதிமன்றங்கள் ஆணையிட்டபோதும் புதிய நல்கைகள் நகரவில்லை. அறிவிப்பு வராமல் கூட்டம் கூட முடியாது, கூட்டம் கூடாமல் விண்ணப்பம் அடுத்த படிக்குப் போகாது. பிப்ரவரிக் கடைசியில்தான் இந்தத் தடை தளரத் தொடங்கியது. அதுவரை ஆய்வகங்களில் சம்பளத்துக்கு வழி தெரியாமல் காத்திருந்தவர்களில் இளம் ஆய்வாளர்களும் மாணவர்களும் இருந்தார்கள். பொதுமக்கள் நுழைய முடியாத ஒரு கூட்டத்தை நிறுத்த, பொதுமக்களுக்கான நாலு வரி அறிவிப்பை நிறுத்தினால் போதும் என்றாகிவிட்டது. அறிவிப்பு இந்தக் கூட்டத்தின் பொருளிலேயே ஒரு பாதி. ‘ரகசியம்’ என்று பெயர்த்தால் அந்தப் பாதி அழிந்துவிடும்.

சரி, எந்தச் சொல்? ‘மூடிய கூட்டம்’ தவறில்லை. ஆனால் அது சொல்லுக்குச் சொல் வைத்த பெயர்ப்பு, எதை மூடியது என்ற கேள்வியை எழுப்பிவிட்டு நிற்கிறது. ‘கதவடைத்த கூட்டம்’ காதுக்கு இயல்பாக இருக்கிறது. ஆனால் ‘கதவடைப்பு’ தொழிலாளரை ஆலைக்கு வெளியே நிறுத்தும் செயலுக்கு ஏற்கெனவே பெயராகிவிட்டது. நீதிமன்றச் செய்திகளில் வரும் ‘இன் கேமரா’வைத் ‘தனியறை விசாரணை’ என்கிறோம். ‘கேமரா’ லத்தீனில் வளைகூரை அறை என்பதால் அது பொருத்தமான பெயர்தான். மதிப்பீட்டுக் கூட்டங்களோ இப்போது பெரும்பாலும் இணையவழி நடக்கின்றன. அறிவிப்பில் மேரிலாந்து மாநிலத்துப் பெத்தெஸ்டா நகரின் அலுவலக முகவரி இருக்கும், பக்கத்திலேயே காணொளிக் கூட்டம் என்றும் எழுதியிருக்கும். அறையே இல்லாத இடத்தில் ‘அறை’ ஒட்டாது.

பழைய தமிழில் இதற்குச் சொற்கள் இல்லாமல் இல்லை. ‘மந்திரம்’ என்பதற்கே மறைவான ஆலோசனை என்ற பொருள் உண்டு. ஆயினும் ‘மந்திராலோசனை’ அரசவை வாடையோடு வருகிறது. ‘சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்’ என்று வள்ளுவர் சொல்லும்போது சூழ்ச்சி என்பது கூடி ஆராய்தல். அந்த அழகிய சொல் இன்று சதி என்ற பொருளுக்குப் போய்விட்டது. அதை மீட்டெடுத்து ஓர் அரசு அறிவிப்பின் தலைப்பில் வைக்க யாராலும் முடியாது.

என் தேர்வு ‘தனியமர்வு’. திறந்த பகுதிக்குப் ‘பொது அமர்வு’, மூடிய பகுதிக்குத் ‘தனியமர்வு’. ‘அமர்வு’ செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் பழகிய சொல். மூடுவது குழுவையன்று, நேரத்தின் ஒரு துண்டை என்பதை அது தானாகவே சொல்லிவிடுகிறது. ‘தனி’ ஒதுக்கத்தைச் சொல்கிறது, ஒளிப்பைச் சொல்லவில்லை. ஒரு நீதிபதி மட்டும் விசாரிப்பதோடு குழம்புமோ என்ற ஐயம் எழலாம். அங்கே ‘தனி நீதிபதி’ என்றுதான் எழுதுகிறோம், ஆகவே இடறாது. பொதுமக்களை நோக்கிய அறிவிப்பானால் ‘பொதுமக்களுக்கு அனுமதியில்லாத தனியமர்வு’ என்று முதல் வரியில் விரித்து எழுதிவிட்டுப் பின்னர் சுருக்கலாம்.

சுற்றியுள்ள சொற்கள் சில. ‘ஸ்டடி செக்‌ஷன்’ என்பதற்கு ‘மதிப்பீட்டுக் குழு’ போதும், வரலாறு எழுதும்போது மட்டும் மூலப் பெயரைத் தமிழ் எழுத்தில் தரலாம். ‘கிராண்ட்’ என்பதற்கு ‘நல்கை’. ‘மானியம்’ இன்று உர விலையிலும் எரிவாயு விலையிலும் அரசு தாங்கும் பங்கைக் குறிக்கிறது. போட்டியிட்டு, மதிப்பிடப்பட்டுப் பெறும் ஆய்வுப் பணத்துக்கு அது பொருந்தாது. ‘பியர் ரிவியூ’ என்பதில் ‘பியர்’ லத்தீன் ‘பார்’, சமம் என்று பொருள். அதற்கு ‘நிகர்’ நேராகப் பொருந்துவதால் ‘நிகரோர் மதிப்பீடு’ என்கிறேன். விண்ணப்பதாரருக்குக் கூட்டத்துக்குப் பின் வந்து சேரும் ‘சம்மரி ஸ்டேட்மென்ட்’ ‘மதிப்பீட்டுச் சுருக்கம்’ ஆகலாம். அது முன்பு இளஞ்சிவப்புத் தாளில் அச்சிடப்பட்டதால் மூத்த ஆய்வாளர்கள் அதைப் ‘பிங்க் ஷீட்’ என்பார்கள். தனியமர்வில் தன்னைப் பற்றிப் பேசப்பட்டதில் விண்ணப்பதாரர் கைக்கு வரும் எழுத்து அது ஒன்றே.