மரவள்ளிக்கிழங்கு ஏன் மூணே நாள்ல கருத்துப்போகுது?

திருப்பாப்புலியூர் மார்க்கெட்ல அம்மா குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, வாங்கினா ஒண்ணை உடைச்சுக் காட்டச் சொல்லாம காசை எடுக்கவே மாட்டாங்க, உள்ள வெள்ளையா இருக்கணும், நீலமும் கருப்புமா கோடு ஓடியிருந்தா பழசு. பிடுங்கி ரெண்டு மூணு நாள்லயே அந்தக் கோடு வந்துடும், ஆனா பக்கத்துக் கூடையில உருளைக்கிழங்கு வாரக்கணக்குல அப்படியே கிடக்கும். தோண்டும்போது ரெண்டுக்கும்தான் காயம் படுது, அதுக்கப்புறம் அதுங்க விடுற மூச்சுலதான் வித்தியாசம்.

பிடுங்கிட்டா கிழங்குக்கு உயிர் போயிடாதுங்க, செல் ஒவ்வொண்ணும் சர்க்கரையை ஆக்சிஜன் வச்சு எரிச்சு எனர்ஜி எடுத்துகிட்டேதான் இருக்கும். உருளைக்கிழங்கை நறுக்கினா அந்த சுவாசம் உடனே சில மடங்கு ஏறும், அடுத்த ஒரு நாள்ல இன்னும் ஏறும். ரிச்சர்ட்ஸ்ங்கிற தாவரவியலாளர் 1896-லயே இதை அளந்து எழுதியிருக்காரு, அடுத்த வருஷம் வெட்டுப்பட்ட இடம் லேசா சூடாகுறதையும் பதிவு பண்ணாரு, நமக்கு காய்ச்சல் வர்ற மாதிரின்னு வச்சுக்கங்க. முதல்ல அதிகமா எரியறது சர்க்கரை கூட இல்ல, சிதைஞ்ச சவ்வுகள்ல இருக்கிற கொழுப்பு, அப்புறம்தான் மாவுச்சத்துல கை வைக்குது. இவ்வளவு எனர்ஜியும் காயத்தை மூடறதுக்கு, சூபரின்னு தக்கை மாதிரி ஒரு பொருளைச் செஞ்சு வெட்டு மேல பூசி புதுத்தோல் போட்டுக்கும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுக்கு அப்புறம் வருது. இப்பத்தான் நறுக்கின உருளைக்கிழங்குத் துண்டுக்கு சயனைடு குடுத்தா சுவாசம் அடங்கிடும், ஒரு நாள் வச்சிருந்த துண்டு தாங்கிக்கும். ஏன்னா அந்த ஒரு நாள்ல அது தனக்குன்னு ஒரு பைபாஸ் ரோடு போட்டு வச்சிருக்கு, சயனைடு அடைக்கிற இடத்தைச் சுத்திப் போற வழி, ஆல்டர்னேடிவ் ஆக்சிடேஸ்னு ஒரு என்சைம்.

மரவள்ளியில சயனைடு வெளிய இருந்து வரவே வேணாம். லினமரின்ங்கிற பொருள் ஒரு பக்கம், அதை உடைக்கிற என்சைம் இன்னொரு பக்கம்னு தனித்தனியா இருக்கு, கிழங்கு ஒடிஞ்சா ரெண்டும் கலந்து சயனைடு கிளம்பி சுவாசத்தோட கடைசிப் படியையே அடைச்சுடுது. சர்க்கரை எரியும்போது கிளம்பி ஆக்சிஜன்ல ஒழுங்கா போய்ச் சேர வேண்டிய எலக்ட்ரான் நடுவுலயே கசிஞ்சு, செல்லை அரிக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடு மாதிரி ஆட்களை உண்டாக்குது, அதுல கிழங்குல இருக்கிற ஸ்கோபோலெட்டின்னு ஒரு பொருள் ஆக்சிடைஸ் ஆகித்தான் அந்த நீலக்கோடு.

அந்த பைபாஸ் என்சைமை அதிகமா சுரக்கிற மாதிரி மரபணு மாத்தின மரவள்ளியில கருக்குறது தள்ளிப்போச்சு. அது நம்ம மார்க்கெட்டுக்கு வரல, ஆனா பிடுங்கும்போது கிழங்கை ஒடிக்காம கொஞ்சம் தண்டோட விட்டு வெட்டினாலே காயம் குறைஞ்சு இன்னும் சில நாள் தாங்கும்.